பதினைந்தாம் தொகுதி வழியாக

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற மாங்காத் தொடரை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, எல்லாரும் முதல் தொகுதியில்தான் தொடங்கியிருப்பார்கள். நான் நுழைந்தது பதினைந்தாம் தொகுதி வழியாக. திட்டம் போட்டுச் செய்ததில்லை. 2012ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மண்ணியல் ஆய்வு மாணவியாக சப்போரோவில் உள்ள ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். வெளிநாட்டு மாணவர் விடுதியின் பொது அறையில், படிப்பு முடித்து ஊர் திரும்பியவர்கள் விட்டுப்போன சாமான்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. குடைகள், அரிசிக் குக்கர், ஒற்றைக் கையுறைகள், ஜப்பானிய மொழித் தேர்வுக்கான பயிற்சி நூல்கள். அவற்றுக்கிடையே அந்த ஒரு தொகுதி மட்டும் கிடந்தது. சிறுவர் மாங்காவில் கன்ஜி எழுத்துகளின் ஓரத்தில் உச்சரிப்பைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். மொழி பழக அது தோதான வழி என்று ஆசிரியை சொல்லியிருந்தார். எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

அரகாவா ஹிரோமு இந்தத் தொடரை 2001 முதல் 2010 வரை 'ஷோனென் கங்கன்' மாத இதழில் வரைந்தார். 108 அத்தியாயங்கள், 27 தொகுதிகள். அத்தனையிலும் பதினைந்தாம் தொகுதி தனிப் போக்குடையது. நாயகனான எட்வர்ட் எல்ரிக் அதில் வெறும் கேட்பவன். ரிசா ஹாக்ஐ என்ற ராணுவப் பெண் அவனிடம் பழைய கதை ஒன்றைச் சொல்கிறாள். அமெஸ்ட்ரிஸ் என்ற நாட்டின் கிழக்கே இஷ்வால் என்ற பகுதி. சிவந்த கண்ணும் பழுப்புத் தோலும் உள்ள மக்கள், ஒரே கடவுளை வணங்குகிறவர்கள். ஒரு சிப்பாய் இஷ்வால் குழந்தை ஒன்றைச் சுட்டுவிடுகிறான். கலகம் மூண்டு ஏழு ஆண்டுகள் இழுக்கிறது. கடைசியில் நாட்டின் தலைவர் பிராட்லி 3066ஆம் ஆணையில் கையெழுத்திடுகிறார்: இஷ்வாலை அடியோடு அழித்துவிடுவது. அதற்காக அரசு ரசவாதிகளைப் போர்க்களத்துக்கு அனுப்புகிறார்கள். விரலைச் சொடுக்கித் தீயை வரவழைக்கிறவர், தொட்டதை வெடிக்க வைக்கிறவர், இரும்பை ஆயுதமாக்குகிறவர். ஆளுக்கொரு தெரு, ஆளுக்கொரு வட்டாரம்.

முன்பின் தெரியாத எனக்கு இவர்கள் எல்லாரும் கொலைகாரர்களாகத்தான் அறிமுகமானார்கள். ராய் முஸ்டாங் என்பவர் தெருத் தெருவாக எரித்துக்கொண்டு போகிறார். கதை சொல்லும் ரிசாவே கோபுரத்தின் மேலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவள். ஹ்யூஸ் என்ற கண்ணாடிக்காரர் காதலியின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதற்காகச் சண்டையிடுகிறாய் என்றால் சாக விருப்பமில்லை, அவ்வளவுதான் என்கிறார். ஆம்ஸ்ட்ராங் என்ற மலை போன்ற மனிதர் செத்த குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுது, போருக்கு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார். மருத்துவர் மார்கோ, பிடித்து வந்த இஷ்வால் மக்களின் உயிர்களைக் கசக்கி, ரசவாதிகளின் சக்தியைப் பெருக்கும் ரசவாதக் கல் செய்து தருகிறார். நாக்ஸ் என்ற மற்றொரு மருத்துவர் எரிந்த உடல்களை அறுத்துக் குறிப்பெடுக்கிறார். இவர்களில் யாரும் பல்லைக் கடித்துச் சிரிக்கும் வில்லன் இல்லை. அப்படி ஒருவன் உண்டென்றால் கிம்பிளி. விசித்திரம் என்னவென்றால், நேர்மையாகப் பேசுகிற ஒரே ஆள் அவன்தான். இந்தச் சீருடையை நீங்களாகத்தானே போட்டுக்கொண்டீர்கள், கொல்லுகிறவர்களின் முகத்தைப் பாருங்கள், அவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள் என்கிற ரீதியில் அவன் மற்றவர்களிடம் பேசும் பக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது போனது. மெதுவாகப் படிக்க வேண்டியிருந்ததால் எதையும் தாண்டிப் போக முடியவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு குடும்பம். அண்ணன் படிப்பாளி. அவர்கள் மதத்தில் பாவம் என்று விலக்கப்பட்ட ரசவாதத்தை, கிழக்கே இருக்கும் ஷிங் நாட்டின் வித்தையோடு சேர்த்து ஆராய்கிறவன். கைகளில் அந்தச் சூத்திரங்களைப் பச்சை குத்தி வைத்திருக்கிறான். தம்பி போர்த்துறவி, அண்ணனின் படிப்பைப் பிடிக்காதவன். கிம்பிளி வீசிய ஒரே வெடிப்பில் குடும்பம் போகிறது. தம்பியின் கை துண்டாகிறது. சாகப்போகும் அண்ணன் தன் கையையே எடுத்துத் தம்பிக்கு ஒட்டிவிட்டுப் போகிறான். தம்பி கண் விழிப்பது ஒரு மருத்துவ முகாமில். பக்கத்தில் நிற்பவர்கள் அமெஸ்ட்ரிஸ்காரர்களான ராக்பெல் தம்பதி. இஷ்வால் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஊரைவிட்டு வந்தவர்கள். தன் தோளில் அண்ணனின் கை, எதிரே எதிரியின் முகம். தன்னைக் காப்பாற்றியவர்களை அவன் கொன்றுவிடுகிறான்.

நிலைமை கைமீறியதும் இஷ்வாலின் தலைமைக் குரு லோக் லோவ், மிச்சமிருக்கும் மக்களுக்குப் பதிலாகத் தன் உயிரைத் தருகிறேன் என்று பிராட்லியிடம் வருகிறார். ஒரு மனிதனின் உயிர் ஒரு மனிதனின் உயிருக்கு மட்டும்தான் ஈடு என்று சொல்லி பிராட்லி மறுத்துவிடுகிறார். கணக்கு சரிதான் என்பதுதான் கொடுமை. இந்தத் தொடர் முழுவதையும் தாங்கி நிற்கும் விதியே அதுதானே: ஒன்றைப் பெற வேண்டுமென்றால் அதற்குச் சமமான ஒன்றைக் கொடுக்க வேண்டும். நாயகர்கள் வேதவாக்காக நம்புகிற விதியைக் கொடுங்கோலனும் சொல்ல முடிகிறது.

அந்தத் தொகுதியை முடித்த பிறகுதான் முதல் தொகுதியைத் தேடிப் போனேன். பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி 105 யென். அங்கே வேறொரு உலகம். எட்வர்ட் குள்ளன் என்று யாராவது சொன்னால் எகிறிக் குதிக்கும் பையன். செத்துப்போன அம்மாவை உயிர்ப்பிக்க முயன்று தம்பி அல்ஃபோன்ஸின் உடலையும் தன் கால் ஒன்றையும் இழந்து, தம்பியின் ஆன்மாவை ஓர் இரும்புக் கவசத்தில் கட்டிவைக்கத் தன் கை ஒன்றையும் கொடுத்தவன். உடல்களைத் திரும்பப் பெறுவதற்காகப் பன்னிரண்டு வயதில் அரசு ரசவாதி ஆகிறான். அதாவது இஷ்வாலை எரித்தவர்களுக்குக் கிடைத்த அதே பதவி, அதே வெள்ளிக் கடிகாரம். முஸ்டாங் இங்கே பெண்களைக் கவரும் மிடுக்கன். மழையில் தீக்குச்சி கூடப் பற்ற வைக்க முடியாதவர் என்று அவருடைய ஆட்களே கேலி செய்கிறார்கள். ஹ்யூஸ் ராணுவத் தொலைபேசியில் தன் மகளின் அழகைப் பற்றிப் பேசி எல்லாரையும் வதைக்கிறார். நான்காம் தொகுதியில் ஹ்யூஸ் கொல்லப்படுகிறார், அதுவும் தன் மனைவியின் முகத்தைப் போட்டுக்கொண்டு வந்த ஒருவன் கையால். இந்தத் தொடரைப் படித்த யாரைக் கேட்டாலும் அந்த இடத்தில் அழுதேன் என்பார்கள். எனக்கும் துக்கம்தான். ஆனால் தூசி படிந்த கண்ணாடியோடு இஷ்வால் தெருவில் நின்ற அந்த ஆளும் கூடவே செத்தார். இரண்டு பேரையும் ஒரே சவப்பெட்டியில் வைக்க எனக்கு நாள் பிடித்தது.

அதேபோல, முகத்தில் குறுக்குத் தழும்போடு அரசு ரசவாதிகளைத் தேடித் தேடிக் கொல்லும் ஸ்கார், இரண்டாம் தொகுதியில் நுழையும்போது வாசகர்களுக்கு அரக்கன் மாதிரிதான் தெரிவான். எனக்கு அவன் அண்ணனின் கையைச் சுமந்து திரிகிற தம்பி. கடவுள் கொடுத்த தன் பெயரை அவன் கடைசிவரை யாருக்கும் சொல்வதில்லை. ஸ்கார் என்பது மற்றவர்கள் வைத்தது.

இந்தத் தொடரின் ரசிகர்கள் ஆளுக்கொரு அணியைப் பிடித்துக்கொள்வது வழக்கம். தேர்ந்தெடுக்க அணிகளும் நிறைய. தலைநகரத்து ஜெனரல்கள், அவர்களைக் கவிழ்க்கப் பார்க்கும் முஸ்டாங்கின் சிறு குழு, ட்ராக்மா எல்லையில் பனிக்குள் நிற்கும் பிரிக்ஸ் கோட்டைப் படை, ஏழு பாவங்களின் பெயர் கொண்ட செயற்கை மனிதர்கள், அவர்களைப் படைத்து பூமிக்கடியில் உட்கார்ந்திருக்கும் 'தந்தை', பாதி மிருகமாக்கப்பட்ட சிப்பாய்கள், ஷிங்கின் அரச குலங்கள். ஷிங் கதை எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. ஐம்பது குலங்கள், ஒரு கிழட்டுப் பேரரசர், அரியணைக்காக சாகாவரம் தேடி வந்த இளவரசன் லிங் யாவ் என்று கேட்கப் பெரிதாக இருந்தாலும், அந்த நாடு பக்கங்களுக்கு வெளியேயே நிற்கிறது. பிரிக்ஸ் பிடித்திருந்தது. அதன் தளபதி ஒலிவியர் ஆம்ஸ்ட்ராங், அழுது திரும்பிய அந்த ஆம்ஸ்ட்ராங்கின் அக்கா. தம்பியைக் கோழை என்று வாய்க்கு வாய் திட்டுகிறவள். பலமுள்ளது பிழைக்கும் என்பதுதான் கோட்டையின் சட்டம். அவளுக்கு அடுத்த நிலையில் இருக்கும் மேஜர் மைல்ஸ், பனிக்கண்ணாடியைக் கழற்றினால் சிவந்த கண். தாத்தா இஷ்வால்காரர். தன் ரத்தத்தை அழித்த ராணுவத்திலேயே இருக்கிறார். ஒலிவியர் அவரை வைத்திருப்பது இரக்கத்தால் இல்லை; கோட்டைக்குள் வேறு பார்வை உள்ள ஓர் ஆள் இருந்தால் தனக்கு உபயோகம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். இந்தக் காரணத்தின் வறட்சி எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாவற்றையும்விட நான் ரசித்தது பாதிக்கு மேல் உருவாகும் ஒரு கூட்டத்தை. ஸ்கார், அவன் மக்களைக் கல்லாக்கிய மருத்துவர் மார்கோ, ஷிங்கிலிருந்து குட்டிப் பாண்டாவோடு வந்த சிறுமி மே சாங், முன்பு சுரங்கத் தொழிலாளர்களை உறிஞ்சிக் கொழுத்து, எட்வர்டால் பதவி இழந்த அதிகாரி யோக்கி. எந்த அணிக்கும் உதவாத நாலு பேர். மார்கோ ஸ்காரிடம் தன்னைக் கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார். ஸ்கார் கொல்லவில்லை, மன்னிக்கவுமில்லை. இஷ்வாலில் நடந்ததைச் சொல் என்கிறான். பிறகு அடையாளம் தெரியாதபடி அவர் முகத்தைச் சிதைத்துக் கூட்டிக்கொண்டு போகிறான், அண்ணனின் குறிப்புகளைப் படித்துச் சொல்ல அவருடைய படிப்பு வேண்டும் என்பதற்காக. பாண்டாவும் யோக்கியும் பண்ணுகிற கோமாளித்தனத்துக்கு நடுவே, கொன்றவரும் கொல்லப்பட்டவர்களின் உறவும் ஒரே தீ மூட்டி ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டைச் சிறுவர் பத்திரிகையில் மாதாமாதம் வரைய ஒரு தைரியம் வேண்டும்.

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதற்கான பாதிப் பதில் எங்கள் ஆய்வகத்திலேயே கிடைத்தது. அங்கிருந்த மூத்த மாணவர் ஒருவர் டொகாச்சிச் சமவெளியில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரகாவா எங்கள் பக்கத்துக்காரர் என்று முதல் நாளே மார்தட்டினார். அரகாவா 1973இல் டொகாச்சியின் மக்குபெட்சுவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பெண். ஆண்பெயராக ஒலிக்கும் புனைபெயர். டோக்கியோவுக்குப் போகும் முன் ஏழு ஆண்டு பண்ணை வேலை பார்த்தவர். தன்னைத் தானே வரையும்போது கண்ணாடி போட்ட பசுமாடாக வரைவார். அப்போது அவருடைய அடுத்த தொடரான 'வெள்ளிக் கரண்டி' வந்துகொண்டிருந்தது. ஹொக்கைடோவின் ஒரு வேளாண் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கதை. பன்றிக்குட்டிக்குப் பெயர் வைத்து வளர்த்துவிட்டு அதை உப்புக்கண்டமாக்கிச் சாப்பிடும் பையனைப் பற்றி எங்கள் ஆய்வகத்தில் பேராசிரியர் உட்பட எல்லாரும் பேசினார்கள். சமமான கைமாறு என்ற எண்ணமே, சோற்றுக்காக நாள் முழுக்க உழைத்த தன் பெற்றோரைப் பார்த்து வந்தது என்று அரகாவா சொல்லியிருக்கிறார். டப்லித் ஊர்க் கசாப்புக்காரரின் மனைவியும் எல்ரிக் சகோதரர்களின் குருவுமான இசுமி, இரண்டு பையன்களையும் ஒரு மாதம் தீவில் விட்டு முயலையும் எறும்பையும் தின்ன வைத்த கதை மந்திரப் பயிற்சியாக எனக்குத் தோன்றவே இல்லை. மண்ணியல் வகுப்பில் முதல் வாரம் சொல்லித் தருகிற பாடம் அது: உண்பதும் உணவாவதும் ஒரே சுழற்சி.

மீதிப் பாதிப் பதிலை அந்த மூத்த மாணவர் சற்றுத் தயங்கித்தான் சொன்னார். ஒரு நேர்காணலில் அரகாவா தன் முன்னோர்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்: அவர்கள் ஹொக்கைடோவுக்குக் குடியேறி அங்குள்ள பூர்வகுடிகளான அய்னு மக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள், அவர்களிலேயே சிலருக்கு அய்னு ரத்தமும் உண்டு. இஷ்வால் அங்கிருந்து வந்தது. "என் கொள்ளுத்தாத்தாவும் அப்படி வந்தவர்தான்" என்றார் அவர். "எங்கள் வீட்டில் அவரை முன்னோடி என்போம். காட்டை வெட்டினார், கல்லைப் பொறுக்கினார் என்பதுதான் கதை. அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டதில்லை."

அடுத்த கோடையில் டொகாச்சியில் உள்ள ஒபிஹிரோவுக்கு ரயிலில் போனேன். சப்போரோவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்குள்ள நூற்றாண்டு நினைவு அருங்காட்சியகத்தில் 1883ஆம் ஆண்டு இசு பகுதியிலிருந்து வந்திறங்கிய பான்செய்ஷா குடியேற்றத்தின் கதை இருக்கிறது. யோடா பென்சோ என்பவரின் தலைமையில் 13 குடும்பங்கள், 27 பேர். வெட்டுக்கிளி, உறைபனி, பட்டினி. அந்த மனிதர்கள் பட்ட பாடு பொய்யில்லை. அதே கட்டடத்தில் அய்னு மக்களின் உடைகள், படகு, சால்மன் பிடிக்கும் கருவிகள். மானும் சால்மனும்தான் அவர்களுடைய சோறு. ஜப்பானின் புதிய அரசு இரண்டையும் பிடிக்கத் தடை போட்டது. 1899இல் ஒரு 'பாதுகாப்பு'ச் சட்டம் வந்தது: விவசாயம் செய்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 15,000 சுபோ, அதாவது ஏறக்குறைய ஐந்து ஹெக்டேர் நிலம். யாருடைய நிலத்தை யார் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி அந்தச் சட்டத்தில் எழவில்லை. 1997 வரை அது அமலில் இருந்தது. வேட்டைக்காரர்களிடம் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு உழத் தெரியவில்லை என்று எழுதி வைத்த அறிக்கைகளை மண்ணியல் மாணவி என்ற முறையில் நானும் நூலகத்தில் பார்த்திருக்கிறேன்.

இஷ்வாலை அய்னு என்று சமன் போட்டுவிடக் கூடாது. ஹொக்கைடோவில் தெருத் தெருவாக எரித்த போர் நடக்கவில்லை. நிலம், மீன், மொழி, பெயர் என்று ஒவ்வொன்றாகப் போனது. இஷ்வாலின் மணலும் அங்கிகளும் ஓர் ஒற்றைக் கடவுளும் மேற்காசியாவை நினைவூட்டுகின்றன. பதினைந்தாம் தொகுதி ஜப்பானில் வெளியான 2006இல் தொலைக்காட்சியில் தினமும் ஈராக். அரகாவா போரிலிருந்து திரும்பிய முதிய சிப்பாய்களையும் அகதிகளையும் சந்தித்துப் பேசியிருக்கிறார். அதனால்தான் அந்தச் சிப்பாய்கள் பேசுவது கற்பனை மாதிரி ஒலிப்பதில்லை. தமிழில் வாசிக்கிறவர்களுக்கு வேறு ஊர்ப் பெயர்கள் ஞாபகம் வரும். அவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மார்கோவும் நாக்ஸும் எனக்கு வேறு வழியில் நெருங்கி வந்தார்கள். எங்கள் பல்கலைக்கழகம் 1876இல் சப்போரோ வேளாண் கல்லூரியாகத் தொடங்கியது. குடியேற்றத்துக்கு அறிவு தருவதுதான் அதன் வேலை. மருத்துவப் புலத்தின் பக்கத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு கட்டடம் உண்டு. 1984இல் கட்டியது. 1930களிலிருந்து உடற்கூறு ஆய்வாளர்கள் அய்னு கல்லறைகளிலிருந்து தோண்டி எடுத்து வந்த எலும்புகள், ஆயிரம் பேருக்கும் மேற்பட்டவர்களுடையவை, அங்கே இருந்தன. ஆண்டுக்கொரு முறை ஆகஸ்டில் அய்னு மக்கள் வந்து இச்சார்பா என்னும் முன்னோர் சடங்கைச் செய்வார்கள். நான் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்பு, 2012 செப்டம்பரில், உரகாவா ஊரைச் சேர்ந்த அய்னு மூத்தோர் தங்கள் முன்னோரைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தார்கள். 2016இல் சமரசமாகி, சில எலும்புகள் ஊர் மண்ணுக்குத் திரும்பின. நான் அன்றாடம் சைக்கிளில் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போவேன். அந்த எலும்புகளைத் தோண்டி எடுத்த பழைய ஆய்வாளர்கள் தீயவர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்; குறிப்புகளை நேர்த்தியாக எழுதியிருப்பார்கள். நாக்ஸும் அப்படித்தான். வீட்டில் மனைவி மகனோடு சேர்ந்து இருக்க முடியாமல், இரவில் அலறி எழுகிற அந்த மனிதரைத் தவிர்க்க முடியாத துணைப்பாத்திரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்த சைக்கிள் பாதை.

தொடரின் நடுப்பகுதியில் ஒரு காட்சி வருகிறது. ராக்பெல் தம்பதியின் மகள் வின்ரி, எல்ரிக் சகோதரர்களின் இயந்திரக் கைகால் செய்கிறவள். தன் பெற்றோரைக் கொன்றது ஸ்கார் என்று அவளுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை துப்பாக்கியை நீட்டியும் சுட முடியாமல் போனவள். வடக்கே ஓர் இடிந்த சுரங்க ஊரில் அவனைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அவன் கையில் காயம். அவள் துணியைக் கிழித்துக் கட்டுப்போடுகிறாள். என் அம்மா அப்பா இருந்திருந்தால் செய்திருப்பார்கள், அதனால் செய்கிறேன், நியாயமில்லாத ஒன்றை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை என்கிற மாதிரி பேசுகிறாள். பக்கத்தில் நின்று பார்ப்பவர் மைல்ஸ். கட்டு இறுக்கமாகத்தான் போட்டிருக்கிறாள், தொழில் தெரிந்தவள் போட்ட கட்டு. எனக்கு இந்தத் தொடரில் ஒரே ஒரு காட்சியை வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். அணி மாறுவது, சமரசம், கண்ணீர் எதுவும் இல்லை. ஒரு வேலை நடக்கிறது.

பின்னால் தெரியவருவது அரசியலை இன்னும் சிக்கலாக்குகிறது. அந்த முதல் குழந்தையைச் சுட்டவன் சிப்பாயே இல்லை. சிப்பாயின் முகத்தில் இருந்த என்வி என்ற செயற்கை மனிதன். நாட்டின் எல்லையோரங்களில் நூற்றாண்டுகளாக நடந்த கலவரம் ஒவ்வொன்றும் ஒரு பெரிய வட்டத்தில் வைக்கப்பட்ட ரத்தப்புள்ளி. அமெஸ்ட்ரிஸ் என்ற நாடே ஒரு ரசவாத வட்டமாக வரையப்பட்டது; குறித்த நாளில் ஐந்து கோடிப் பேரையும் விழுங்கத் திட்டம். பலரும் புகழும் திருப்பம் இது. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. ஆணையின் பின்னால் ஓர் அசுரன் இருந்தான் என்றதும், அந்த ஆணைக்குக் கீழ்ப்படிந்த ஆயிரக்கணக்கானவர்கள் கொஞ்சம் லேசாகிவிடுகிறார்கள். பதினைந்தாம் தொகுதியில் அந்தச் சலுகை யாருக்கும் இல்லை. அங்கே ஃபெஸ்லர் என்ற பேராசைத் தளபதியை அவர் ஆட்களே சுட்டுவிட்டு, வழிதவறிய குண்டு என்று சொல்லிக்கொள்கிறார்கள். எல்லாமே மனிதர்கள் செய்ததுதான்.

அண்ணனின் குறிப்புகளுக்கு அரகாவா கொடுக்கும் இடம் மட்டும் இந்தக் குறையை நிறையவே ஈடு செய்கிறது. கடைசி நாளில் தந்தை நாட்டிலுள்ள எல்லா ரசவாதிகளின் சக்தியையும் அடக்கிவிடும்போது, அதை உடைக்கும் மறுவட்டத்தை இயக்குகிறவன் ஸ்கார். அந்த வட்டத்தை நாடெங்கும் போட்டுவைத்தது சேரிகளில் ஒளிந்து வாழ்ந்த இஷ்வால் மக்கள். தங்களை அழித்த நாட்டைக் காப்பாற்ற அவர்களே காரணமாகிறார்கள். இதை அரகாவா எந்த ஆரவாரமும் இல்லாமல் நடத்திவிடுகிறார்.

எனக்கு ஒப்பாத இடம் இருபத்தேழாம் தொகுதியில் வருகிறது. முஸ்டாங் அதற்குள் பார்வையை இழந்திருக்கிறார். மார்கோ வந்து, தன்னிடம் மிச்சமிருக்கும் ரசவாதக் கல்லால் கண்ணைத் திருப்பித் தருகிறேன், பதிலுக்கு இஷ்வால் மக்களை அவர்கள் மண்ணில் குடியமர்த்துங்கள் என்கிறார். முஸ்டாங் ஏற்கிறார், முதலில் முதுகு முறிந்து கிடக்கும் தன் ஆளைக் குணப்படுத்துங்கள் என்கிறார். பெருந்தன்மைதான். ஆனால் அந்தக் கல் இஷ்வால் உயிர்களால் ஆனது. இந்த ஆட்சி மாறினால் நாங்கள் போர்க்குற்றவாளிகளாக நிற்போம் என்று பதினைந்தாம் தொகுதியில் ரிசா சொன்னாளே, அந்த விசாரணை என்ன ஆயிற்று? கடைசிப் பக்கங்களில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

2023இல் ஒரு கருத்தரங்குக்காக மீண்டும் ஹொக்கைடோ போனபோது அந்த மூத்த மாணவர் சப்போரோ வரை காரோடு வந்திருந்தார். இப்போது அவர் டொகாச்சியில் அப்பாவின் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் ஷிராஓய் போனோம். 2020இல் திறந்த உபொபொய் என்ற தேசிய அய்னு அருங்காட்சியகம் அங்கே ஏரிக்கரையில் இருக்கிறது. அழகான கட்டடம், பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம். பல்கலைக்கழகங்களில் இருந்த எலும்புகள் பலவும் 2019இல் அங்கே, சற்றுத் தள்ளி மேட்டில் உள்ள நினைவிடத்துக்கு மாற்றப்பட்டன. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள், எங்கள் ஊர் மண்ணுக்கு அல்லவா போயிருக்க வேண்டும் என்று கேட்கும் அய்னு மக்களும் இருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் ரசவாதக் கல்லைப் பற்றிய எங்கள் பழைய சண்டையை நான்தான் ஆரம்பித்தேன். கல்லைத் தொட்டிருக்கக் கூடாது, அதைப் புதைத்திருக்க வேண்டும் என்றேன்.

"முஸ்டாங் குருடராகவே இருந்திருக்க வேண்டுமா?" என்றார்.

"இருந்தால் என்ன?"

"கண் தெரியாத ஜெனரலை யார் மேலே வரவிடுவார்கள்? அவர் மேலே வராவிட்டால் இஷ்வாலுக்கு நிலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? சமமான கைமாறுதானே."

"கல்லுக்குள் இருந்தவர்களை யாராவது கேட்டார்களா?"

அவர் கொஞ்சதூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, "கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்" என்றார்.

"இல்லை என்றும் சொல்லியிருக்கலாம்."

"சரி, முஸ்டாங் வேண்டாம். வேறு யார்?"

"மைல்ஸ் இருக்கிறாரே" என்றேன். "கடைசியில் ஸ்காரைக் கூட்டிக்கொண்டு இஷ்வாலுக்குப் போனவர் அவர்தானே."

"மைல்ஸ் மேஜர். மேஜர் பேச்சைத் தலைநகரத்தில் யார் கேட்பார்கள்? அதற்கும் ஒரு ஜெனரல் கையெழுத்து வேண்டும்" என்றவர், அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஒதுக்கி, நிலத்துப் பட்டா விஷயத்தில் தங்கள் கூட்டுறவுச் சங்கம் ஒரு கையெழுத்துக்காக எத்தனை முறை அலைந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.